காந்தம் எதைத் தள்ளுகிறது?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காந்தத்தையும் மின்சாரத்தையும் பற்றி இன்றையத் தினம் நான் பேசவேண்டுமென்று இவ்வாசகசாலைத் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு முன் பேசிய தோழர் என்னைப் பெரிய விஞ்ஞானி என்பதாகப் புகழ்ந்துவிட்டார். அது வாஸ்தவமல்ல. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குத் தெரிந்த சொற்பமும் இதைப் போன்ற வாசகசாலைகளில் படித்ததும், மோட்டார் ரிப்பேர்க் கடையில் வேலை செய்த காலத்தில் கையால் தொட்டுப் பார்த்ததுமேயாகும். ஆகவே பண்டிதர் ஒருவர் உபதேசம் செய்வதாக நினையாமல், உங்களைப் போன்ற ஒருவன் தான் கற்றுக்கொண்டதைச் சொல்லுகிறான் என்று கேட்கும்படி வேண்டிக்கொள்ளுகிறேன்.

இவ்விஷயத்தைப் பேச நான் உடனே ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு நெசவாளர் இருக்கிறார். நீரிழிவுக்காரர். அவர் வீட்டுக்குச் சென்ற வருஷம் ஒரு ஆசாமி வந்து, காந்தப் படுக்கை ஒன்றை விரித்துக் காட்டி, "இரத்தத்தில் இரும்பு இருக்கிறது, நரம்பில் மின்சாரம் ஓடுகிறது, காந்தமோ இரும்பையும் இழுக்கும், மின்சாரத்தையும் தள்ளும், இதில் படுத்தால் இரத்தம் வேகமாய் ஓடிச் சர்க்கரை கரைந்து போகும்" என்று சொல்லியிருக்கிறான். தோழர் கடன் வாங்கி அதை வாங்கினார். மாத்திரையை நிறுத்தினார். சில மாதங்களுக்குள் காலில் புண் கண்டு, ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. "ஏன் ஐயா நம்பினீர்?" என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் என்ன தெரியுமா? "தம்பி, காந்தம் மின்சாரத்தைத் தள்ளும் என்று பெரிய புஸ்தகத்திலேயே போட்டிருக்கிறது என்றான். படிக்காத நான் என்னத்தைக் கண்டேன்?" என்றார்.

தோழர்களே! இந்தப் பதிலை நான் நாளதுவரை மறக்கவில்லை. ஏனெனில், அந்த ஆசாமி சொன்னதில் பாதி நிஜம். காந்தம் மின்சாரத்தைத் தள்ளுவது உண்மைதான். முழுப் பொய்யை எளிதில் கண்டுபிடித்து விடலாம். பாதி நிஜத்தோடு கலந்து வரும் பொய்தான் ஆளைக் கெடுக்கும். ஆகவே அந்தப் பாதி நிஜம் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை முதலில் சொல்லுகிறேன். அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அது பெரிய புஸ்தகத்தில் போட்டிருந்ததால் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. பெரிய புஸ்தகம் "இல்லை" என்று சொல்லியிருந்ததை ஒரு மாணாக்கன் சந்தேகித்ததால் கண்டுபிடிக்கப்பட்டது.

1820ஆம் வருஷத்தில் டென்மார்க்கு தேசத்து ஓர்ஸ்டெட் என்பவர், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகில் திசைகாட்டும் காந்த முள் திரும்புவதைக் கண்டார். மறு வருஷமே இங்கிலாந்தில் பாரடே, மின்சாரம் ஓடும் கம்பி காந்தத்தைச் சுற்றி வரும்படி செய்து காட்டினார். இன்று உங்கள் வீட்டில் சுழலும் மின்விசிறிக்கு மூலம் இதுதான். ஆனால் ஒரு கேள்வி பாக்கியாய் நின்றது. காந்தம் தள்ளுவது எதை? கம்பியையா? அல்லது கம்பிக்குள் ஓடுகிற மின்சாரத்தையா?

1873இல் மாக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றி இரண்டு பாகங்களில் ஒரு நூல் எழுதினார். ஒளி என்பதே மின்காந்த அலைதான் என்று கண்டு சொன்னவர் அவர். அவருக்குச் சமமாகச் சொல்லக்கூடியவர்கள் விஞ்ஞான உலகில் மிகச் சிலரே. அந்நூலில் அவர், காந்தத்தின் வேகம் கம்பியின் மீதுதான் செல்லுகிறதே தவிர, அதனுள் ஓடும் மின்சாரத்தின் மீது செல்லவில்லை என்பதாகவும், இதைக் கவனமாய் ஞாபகத்தில் வைக்கவேண்டும் என்பதாகவும் எழுதிவிட்டார்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் அப்போது எட்வின் ஹால் என்ற 23 வயது மாணாக்கர் இதைப் படித்தார். படித்தவருக்கு மனம் ஒப்பவில்லை. அவர் யோசித்தது மிகச் சாதாரணமான யோசனைதான். மின்சாரம் ஓடாத செம்புக் கம்பியைக் காந்தம் ஒன்றும் செய்வதில்லை. ஓடினால் தள்ளுகிறது. தள்ளும் வேகமோ ஓடும் மின்சாரத்தின் அளவைப் பொறுத்திருக்கிறதேயொழிய, கம்பி தடியா மெலிதா, செம்பா வெள்ளியா என்பதைப் பொறுத்ததாயில்லை. அப்படியானால் தள்ளப்படுவது கம்பி என்று எப்படிச் சொல்லலாம்? இதுதான் அவர் கேள்வி. சுவீடன் தேசத்து எட்லண்டு என்ற ஆசிரியர் மாக்ஸ்வெலுக்கு மாறாக எழுதியிருந்ததும் அவர் கண்ணில் பட்டது. பெரியவர்கள் இருவர் இரண்டு விதமாய்ச் சொன்னால் யாரை நம்புவது? ஹால் இருவரையும் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தம் ஆசிரியரான ரோலண்டிடம் போனார்.

இங்கே ஆசிரியரின் பெருமையையும் சொல்லவேண்டும். "மாக்ஸ்வெலைச் சந்தேகிக்க நீ யார்?" என்று அவர் கேட்கவில்லை. தமக்கும் அந்தச் சந்தேகம் உண்டென்றும், முன்பு அவசரமாக ஒரு பரீட்சை செய்து பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை என்றும் சொல்லி, ஹால் அதைத் தொடர்ந்து செய்வதற்கு இடம் கொடுத்தார்.

ஹாலின் முதல் பரீட்சை தோற்றது. மின்சாரத்தைக் காந்தம் ஒரு பக்கமாய் ஒதுக்கினால், கம்பியில் அது ஓடும் இடம் குறுகி, தடை அதிகப்பட வேண்டுமல்லவா? அப்படி நினைத்து வளையமாய்ச் சுற்றிய கம்பியைக் காந்தத்தின் நடுவே வைத்து அளந்தார். தடை மாறவில்லை. பிறகு வேறு விதமாய் யோசித்தார். ஒதுங்க முடியாவிட்டாலும் ஒதுங்குவதற்கு ஒரு நெருக்கம் இருக்கலாமே, அதை ஏன் அளக்கக்கூடாது? ஆகவே கண்ணாடியின் மேல் ஒட்டிய தங்க ரேக்கில் நீளவாட்டில் மின்சாரத்தை விட்டு, ரேக்கின் இரண்டு ஓரங்களிலிருந்தும் கம்பியெடுத்து, நுட்பமான முள் கருவியோடு சேர்த்தார். காந்தத்தின் நடுவே ரேக்கை வைத்தார். 1879ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 28ஆம் தேதி முள் விலகிற்று. கணநேரம் துடித்துவிட்டுப் பழைய இடத்துக்கு வந்திருந்தால் அதற்கு வேறு காரணம் சொல்லியிருக்கலாம். அப்படியல்லாமல் காந்தம் இருக்கும் வரையில் விலகியே நின்றது. காந்தத்தின் முனைகளை மாற்றியபோது முள் எதிர்ப் பக்கம் விலகிற்று. கம்பிக்குள் ஓடுவதைத்தான் காந்தம் தள்ளுகிறது என்பது பிரத்தியட்சமாயிற்று.

இது எப்படியென்று ஒரு உதாரணத்தால் சொல்லுகிறேன். இரு பக்கமும் சுவருள்ள ஒரு சந்தில் ஊர்வலம் போகிறதாக வைத்துக்கொள்ளுங்கள். போகிற ஒவ்வொருவரையும் ஒரு பலத்த காற்று வலது பக்கம் தள்ளுகிறது. முதலில் சிலர் வலது சுவரோரம் போய் நெருங்குவார்கள். நெருக்கம் கூடக் கூட, அந்த நெருக்கமே பின்னால் வருகிறவர்களை இடது பக்கம் தள்ளும். காற்றும் நெருக்கமும் சமமானவுடன் ஊர்வலம் முன்போலவே நேராய்ப் போகும். தடை மாறாததன் காரணம் இதுதான். ஆனால் வலது சுவருக்கும் இடது சுவருக்கும் நெருக்கத்தில் வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கும். ஹால் அளந்தது இந்த வித்தியாசத்தைத்தான்.

தங்க ரேக்கு எதற்கென்றால், தகடு எவ்வளவு மெலிதோ அவ்வளவுக்கு இந்த வித்தியாசம் பெரிதாய்த் தெரியும். 1 மில்லிமீட்டர் கனமுள்ள செம்புத் தகட்டில் 1 ஆம்பியர் மின்சாரத்தை விட்டு, மிகப் பலமான 1 டெஸ்லா காந்தத்தில் வைத்தாலும் கிடைப்பது ஒரு வோல்ட்டைக் கோடி பங்கிட்டதில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு அற்பமான சங்கதியை அளந்து கண்டார்கள் என்பதை ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் படுக்கையைப் பற்றிப் பேசும்போது இது வேண்டியிருக்கும்.

மாக்ஸ்வெல் அதே வருஷம் நவம்பர் 5ஆம் தேதி, தம் 48ஆவது வயதில் காலமானார். ஹாலின் கட்டுரை அப்போது அச்சேறவில்லை. அவருடைய நூலில் ஒரு வாக்கியம் தவறென்று தெரிந்ததால் அந்நூலை யாராவது கொளுத்தினார்களா? இல்லை. தவறென்று தெரிந்த பின்னும் அந்த வாக்கியத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்களா? அதுவுமில்லை. தவறியதைத் தள்ளிவிட்டு, நின்றதை வைத்துக்கொண்டு மேலே போனார்கள். அறிவை மதிப்பது என்றால் இதுதான்.

இனி இந்தச் சிறு வித்தியாசம் என்னென்ன சொல்லிற்று என்று பாருங்கள். 1897இல் தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டார். உலோகத்தில் ஓடுவது எதிர்மின்னுடைய எலெக்ட்ரான் என்பது தெரிந்தது. ஹால் அளந்ததைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு கன சென்டிமீட்டர் செம்பில் கோடி கோடி கோடிக்கணக்கான எலெக்ட்ரான்கள் ஓடத் தயாராய் இருப்பதாக ஏற்படுகிறது. கண்ணுக்குத் தெரியாததை முள் எண்ணிக் கொடுத்துவிட்டது! ஆனால் ஒரு சங்கடமும் வந்தது. துத்தநாகம் முதலிய சில உலோகங்களில் முள் எதிர்ப் பக்கம் காட்டிற்று. எதிர்மின்னுக்குப் பதிலாக நேர்மின் ஓடுவது போலிருந்தது. இதற்குச் சரியான காரணம் 1929இல்தான் பீயர்ல்ஸ் என்பவரால் கிடைத்தது. பஸ்ஸில் ஒரு வரிசை நிறைய ஆட்கள் உட்கார்ந்து, ஒரே ஒரு இடம் மாத்திரம் காலியாயிருந்தால், ஒவ்வொருவராய் இடது பக்கம் நகர நகர, அந்தக் காலியிடம் வலது பக்கம் போவது போலத் தோன்றுமல்லவா? அதுபோல எலெக்ட்ரான் இல்லாத காலியிடமே நேர்மின்னைப் போல நடந்துகொள்ளுகிறது. ஐம்பது வருஷம் விடை தெரியாமல் இருந்தது. தெரியாத காலத்தில் தெரியவில்லை என்றே எழுதி வைத்தார்கள், கதை கட்டவில்லை.

காந்தத்தால் தடையே மாறுவதும் உண்டு. 1850களில் வில்லியம் தாம்சன் என்ற வேறொரு அறிஞர், இரும்பைக் காந்தமாக்கினால் அதன் தடை சிறிது மாறுவதைக் கண்டார். 1988இல் பிரான்சில் பெர்ட்டும் ஜெர்மனியில் குரூன்பெர்க்கும், இரும்பையும் குரோமியத்தையும் சில அணுக்களின் கனத்துக்கு மாறி மாறி அடுக்கினால் அம்மாற்றம் மிகப் பெரிதாவதைத் தனித்தனியே கண்டார்கள். கம்ப்யூட்டரின் தட்டில் எழுதியுள்ளதை வாசிக்க அது பயன்பட்டது. இருவருக்கும் 2007இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதெல்லாம் திடப்பொருளில் நடப்பது. வாயு மிகவும் சூடேறியோ ஒளி பட்டோ அதன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்துவிட்டால் அதற்குப் பிளாஸ்மா என்று பெயர். சூரியனும் மின்னலும் டியூப்லைட்டுக்குள் ஒளிர்வதும் அதுதான். அங்கே காந்தத்தின் ஆட்சி இன்னும் அதிகம். சாதாரணமாக எல்லாப் பக்கமும் ஓடக்கூடிய மின்சாரம், காந்தம் இருந்தால் காந்தக் கோட்டின் வழியே சுலபமாயும் குறுக்கே சிரமமாயும் ஓடும். ஏனெனில், குறுக்கே போகப் பார்க்கும் எலெக்ட்ரான் வட்டமிட்டுத் திரும்பி விடுகிறது.

இதற்கு உதாரணம் தேடி நாம் தூரம் போகவேண்டியதில்லை. தலைக்கு மேல் பார்த்தால் போதும். பூமியே ஒரு காந்தம். அதன் காந்தக் கோடுகள் தரைக்குச் சமமாய்ப் படுத்திருக்கும் இடத்தைக் காந்த நடுக்கோடு என்கிறார்கள். அது இந்தியாவின் தென்முனைக்கு அருகே செல்லுகிறது. நமக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், வெயிலால் காற்றிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து, மின்சாரம் ஓடக்கூடிய ஒரு அடுக்கு இருக்கிறது. பகலில் அங்கே கிழக்கு நோக்கி மின்சாரம் ஓட முயலுகிறது. பூமியின் காந்தம் எலெக்ட்ரான்களை மேல் பக்கமாய் ஒதுக்கப் பார்க்கிறது. ஆனால் அந்த அடுக்குக்கு மேலேயும் கீழேயும் மின்சாரம் நன்றாய் ஓட வழியில்லை. ஆகவே தங்க ரேக்கின் ஓரங்களைப் போல அங்கேயும் நெருக்கம் சேருகிறது. அந்த நெருக்கம் எலெக்ட்ரான்களைத் தள்ளி, மின்சாரத்தைப் பல மடங்கு அதிகமாய்க் கிழக்கே ஓடச் செய்கிறது. 1951இல் சாப்மன் என்பவர் இதற்கு நடுக்கோட்டு மின்பீச்சு என்ற பொருளில் பெயரிட்டார். இதை அருகிலிருந்து ஆராய வசதி என்பதால்தான் திருவனந்தபுரத்துக்கு அடுத்த தும்பா என்ற மீனவர் ஊரைத் தேர்ந்தெடுத்து, 1963 நவம்பர் 21ஆம் தேதி முதல் ராக்கெட்டை விட்டார்கள். திருநெல்வேலி அருகே கிருஷ்ணபுரத்தில் பூமியின் காந்தத்தை ஆராயும் நிலையம் ஒன்றும் இருக்கிறது. பால்டிமோரில் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நடந்ததும், நம் ஆகாயத்தில் நடப்பதும் ஒரே சட்டம்!

இன்னொன்று. 1980 பிப்ரவரி மாதம் ஒரு நடுநிசியில், பிரான்சில் கிரனோபிள் நகரத்தில், வான் கிளிட்சிங் என்ற ஜெர்மானியர் மிகக் குளிர்ந்த சிலிக்கன் துண்டில், மிகப் பலமான காந்தத்தில், ஹாலின் பரீட்சையையே செய்து பார்த்தார். குறுக்குத் தடை படிப்படியாய் மாறிற்று. அந்தப் படிகளின் அளவு 25,812.807 ஓம் என்ற எண்ணை 1, 2, 3, 4 என்று வகுத்தால் வருவதாயிருந்தது. துண்டு யார் செய்தது, எந்தத் தேசத்தது, சுத்தமா அசுத்தமா என்பதையெல்லாம் அது பார்க்கவில்லை. இன்று உலகமெங்கும் தடையை அளப்பதற்குப் படிக்கல்லாக அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அதுதான் உண்மையின் லட்சணம். யார் கையால் செய்தாலும், நம்பிச் செய்தாலும் நம்பாமல் செய்தாலும், ஒரே விடை வரவேண்டும்.

இப்பொழுது நெசவாளத் தோழரின் படுக்கைக்கு வருவோம். ஹால் கேட்டதைப் போலவே நாமும் கேட்போம்.

இரத்தத்தில் இரும்பு உண்டு, வாஸ்தவம். ஆனால் ஆணியில் உள்ள இரும்பைப் போல அது காந்தத்துக்கு ஓடிவராது. 1936இல் பாலிங், கோரியல் என்ற இருவர் அளந்து பார்த்ததில், பிராணவாயு சேர்ந்த இரத்தம் காந்தத்திலிருந்து மிக அற்பமாக விலகுகிறது என்றும், பிராணவாயு நீங்கிய இரத்தம் மிக அற்பமாக இழுபடுகிறது என்றும் ஏற்பட்டது. இரண்டும் இரத்த ஓட்டத்தை வேகப்படுத்தப் போதாது. பெரிய ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. என்னும் ஸ்கேன் எடுக்கிறார்களே, அது 1.5 அல்லது 3 டெஸ்லா காந்தம். நம் ஊரில் பூமியின் காந்தத்தைப் போல முப்பதினாயிரம் மடங்குக்கும் மேல். அதில் அரைமணி நேரம் படுத்து எழுந்தவர்கள் எத்தனையோ பேர். யாருக்காவது சர்க்கரை கரைந்ததா? வடக்கே தலைவைத்துப் படுத்தால் பூமியின் காந்தம் மூளை இரத்தத்தை இழுக்கும் என்று சொல்லுகிறார்களே, அவர்களுக்கும் இதுவே பதில்.

இன்னும் நியாயமாய்ச் சொல்லுகிறேன். அந்த ஸ்கேனில் படுத்திருக்கும்போது, ஓடும் இரத்தத்திலுள்ள மின்னூட்டம் கொண்ட துகள்களைக் காந்தம் தள்ளுவதால் ஒரு சிறு மின்னழுத்தம் நிஜமாகவே உண்டாகிறது. இருதயத்தின் துடிப்பை வரையும் கோடு அதனால் சிறிது மாறுகிறது. வெளியே வந்தவுடன் அது போய்விடுகிறது. அவ்வளவு பெரிய காந்தத்துக்கே இவ்வளவுதான் என்றால், விரற்கடை தூரம் விலகினாலே வலுக்குன்றும் பொத்தான் காந்தங்களைத் தைத்த மெத்தை என்ன செய்துவிடும்? 2007இல் கனடா வைத்தியச் சங்கப் பத்திரிகையில், நிஜக் காந்தத்தையும் போலிக் காந்தத்தையும் கொடுத்துப் பார்த்த பரீட்சைகளையெல்லாம் சேர்த்து ஆராய்ந்து எழுதினார்கள். வலி தீர்க்க இதைச் சிபாரிசு செய்ய ஆதாரமில்லை என்றும், மூட்டுத் தேய்மானம் ஒன்றில் மாத்திரம் மேலும் ஆராயவேண்டும் என்றும் முடிவு சொன்னார்கள். இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கோ காந்தத்தை நெஞ்சருகே கொண்டுபோவதே அபாயம்.

ஆகவே தோழர்களே, காந்தத்தின் பேரால் எவனாவது உங்கள் வாசலுக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். உன் காந்தம் எத்தனை டெஸ்லா? அதனால் உடம்பில் எது, எவ்வளவு மாறிற்று என்று அளந்தது யார்? போலிக் காந்தம் வைத்தும் பார்த்தார்களா? "பெரிய புஸ்தகத்தில் போட்டிருக்கிறது" என்பதை மாத்திரம் பதிலாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். வைத்தியர் கொடுத்த மாத்திரையை எவன் சொல்லியும் நிறுத்தாதீர்கள்.

எங்கள் நெசவாளத் தோழர் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் அவர் கதையைச் சொன்னேன். "நான் கேட்காமல் போன கேள்வியை மற்றவர்களாவது கேட்கட்டும்" என்று அவர்தான் சொல்லி அனுப்பினார்.

நான் சொன்னதையும் நீங்கள் அப்படியே நம்பவேண்டியதில்லை. இந்த மேசையின் மேல் ஒரு பாட்டரி, ஒரு கம்பி, ஒரு காந்த முள் இருக்கின்றன. பக்கத்தில், மின்சார ஸ்கூட்டர் பழுது பார்க்கும் தோழர் கொண்டுவந்த ஹால் சென்சார் இருக்கிறது. அந்த மாணாக்கரின் பெயரைத்தான் நம் ஊர் மெக்கானிக்குகள் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். காந்தத்தை அதன் அருகே கொண்டுபோனால் மீட்டரில் எண் மாறும். விலக்கினால் பழையபடி ஆகும். கூட்டம் முடிந்ததும் வாருங்கள். பிள்ளைகளை முன்னால் விடுங்கள். அவரவர் கையாலேயே செய்து பாருங்கள்.